பனிக்கு அடியில் கிடந்த மண்: கிரீன்லாந்து ஒருமுறை உருகியது எப்படித் தெரிந்தது?

கிரீன்லாந்தின் பனிக்கு அடியிலிருந்து எடுத்த மண்ணில் குச்சியும் இலையும் பாசியும் இருந்தன என்று 2021இல் ஒரு செய்தி வந்தது. 2023இல் அதே மண்ணுக்கு வயது சொன்னார்கள்: சுமார் 4 லட்சத்து 16 ஆயிரம் ஆண்டு. 2024இல் வேறோர் இடத்து மண்ணில் பாப்பிச் செடியின் விதை அகப்பட்டது. ஒவ்வொரு முறையும் இரண்டு விதமான பேச்சு கிளம்பியது. "மனிதன் புகை விடாத காலத்திலேயே பனி உருகியிருக்கிறதே, இப்போது மட்டும் என்ன கூச்சல்?" என்பது ஒன்று. "கிரீன்லாந்து கரையப்போகிறது, சென்னை மூழ்கப்போகிறது" என்பது இன்னொன்று.

அந்த மண் இந்த இரண்டையுமே சொல்லவில்லை. அது சொல்வதைப் புரிந்துகொள்ள, பனி மண்ணை என்ன செய்யும் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நகரும் பனி விட்டுச் செல்வது

பனி ஒரே இடத்தில் கிடக்கும் பொருள் இல்லை. ஆண்டுதோறும் விழும் பனி உருகாமல் மேலுக்கு மேல் சேர்ந்து, அழுந்தி, கட்டியாகிறது. கனம் கூடியதும் தன் எடையாலேயே மெல்ல வழியத் தொடங்குகிறது. மலைப் பள்ளத்தாக்கில் அப்படி வழிந்தால் பனியாறு. ஒரு நாட்டையே மூடிக் கிடந்தால் அதைப் பனிவிரிப்பு என்போம். இன்று உலகில் பனிவிரிப்பு இரண்டே இரண்டுதான்: அண்டார்க்டிகா, கிரீன்லாந்து. கிரீன்லாந்தில் இருப்பது சுமார் 17 லட்சம் சதுர கி.மீ. பரப்பு. நடுவில் 3 கி.மீ.க்கு மேல் தடிமன்.

நகரும் பனி அடியிலுள்ள பாறையைப் பெயர்க்கிறது, உரசுகிறது, அரைக்கிறது. அரைத்ததைச் சுமந்துபோய் எங்கோ போடுகிறது. அந்தச் சுமையைப் பார்த்தே "இங்கே பனி இருந்தது" என்று சொல்லிவிடலாம். மூன்று அடையாளங்கள்:

1. டில். இது பனி நேரடியாகக் கொட்டிய மண். ஆற்று நீர் மண்ணைச் சலித்துவிடும். கூழாங்கல் ஓரிடம், மணல் ஓரிடம், வண்டல் வேறிடம் என்று பிரித்துப் போடும். பனிக்குச் சலிக்கத் தெரியாது. மாவுபோன்ற களிமண்ணும் வண்டி அளவு பாறாங்கல்லும் ஒரே குவியலில் கிடந்தால் அது டில்லாக இருக்கலாம். பள்ளிப் புவியியலில் மொரைன் என்று படித்திருப்போமே, அது இந்த மண் குவிந்து எழும் மேடு.

2. கீறல். பனியின் அடியில் சிக்கிய கல் பாறைமேல் இழுபடும்போது, ஒரே திசையில் நேர்கோடுகள் விழுகின்றன. கல்லின் ஒரு பக்கம் அரம் போட்டதுபோலத் தட்டையாகிவிடும்.

3. அன்னியக் கல். சுற்றுவட்டாரத்தில் எங்கும் இல்லாத வகைப் பாறை, நூறு கி.மீ. தள்ளி வந்து தனியாக நிற்கும்.

இந்த வாசிப்பு பனி நாடுகளுக்கு மட்டும் உரியதில்லை. 1856இல் வில்லியம் பிளான்ஃபோர்டு, ஹென்றி பிளான்ஃபோர்டு சகோதரர்களும் வில்லியம் தியோபால்டும் ஒடிசாவின் தால்சேர் பகுதியில் ஒரு வினோதமான படிவைப் பார்த்தார்கள். மென்மையான வண்டலுக்குள் பெரும் பாறாங்கற்கள். பாறாங்கல்லை உருட்டி வரும் வேகமுள்ள தண்ணீர் வண்டலைத் தங்கவிடாது. வண்டல் படியும் அளவுக்கு அமைதியான தண்ணீர் பாறாங்கல்லை நகர்த்தாது. ஆகவே இது பனியின் வேலை என்றார்கள். வெயில் கொளுத்தும் ஒடிசாவில் பனியா என்று அன்று பலருக்கு நம்பிக்கை வரவில்லை. இன்று தால்சேர் படிவு சுமார் 30 கோடி ஆண்டுப் பழமையான பனி மண் என்பதில் தகராறு இல்லை. ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, அண்டார்க்டிகாவிலும் அதே காலத்துப் பனி மண் இருப்பது, இந்தக் கண்டங்கள் ஒருகாலத்தில் கோண்டுவானா என்ற ஒரே நிலமாக இருந்தன என்பதற்கு முக்கியமான சான்றாயிற்று.

பனியைக் கேட்டால் தெரியாதா?

பழைய தட்பவெப்பத்தை அறிய வழக்கமாகச் செய்வது, பனியைத் துளைத்து நீண்ட உருளையாக எடுப்பது. அதைப் பனித்தூண் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு ஆண்டாக விழுந்த பனி அடுக்கடுக்காக இருக்கும். உள்ளே சிக்கிய குமிழிகளில் அந்தக் காலத்துக் காற்றே இருக்கும். அண்டார்க்டிகாவின் டோம்-சி பனித்தூண் இப்படி 8 லட்சம் ஆண்டுக் கதையைச் சொல்கிறது.

கிரீன்லாந்தில் இந்தக் கணக்கு ஏறக்குறைய 1 லட்சத்து 28 ஆயிரம் ஆண்டோடு நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே அடுக்குகள் மடங்கியும் கலங்கியும் கிடக்கின்றன. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பனி முழுதாக உருகிப்போன காலத்தைப் பனித்தூணால் சொல்ல முடியாது, ஏனென்றால் அந்தக் காலத்தைச் சேர்ந்த பனியே இல்லை. வராதவர் பெயர் எழுதாத வருகைப் பதிவேடு மாதிரி. உருகிய காலத்தை அறிய, அப்போது வெயில் பட்ட தரையைத்தான் கேட்க வேண்டும். அந்தத் தரை இன்று ஒன்று, இரண்டு, மூன்று கி.மீ. பனிக்குக் கீழே.

கடினமான பனியைத் துளைத்துக் கீழே போய், அதன்பிறகு மண்ணையும் துளைத்து மேலே கொண்டுவந்த இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் முதலாவது கேம்ப் செஞ்சுரி.

ராணுவ முகாமும் கண்ணாடி ஜாடிகளும்

1959இல் அமெரிக்க ராணுவம் வடமேற்கு கிரீன்லாந்தில், கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி, பனிக்குள் சுரங்கம் வெட்டி ஒரு முகாம் அமைக்கத் தொடங்கியது. படுக்கை அறை, சமையல்கூடம், தேவாலயம், சிறிய அணு உலை எல்லாம் உண்டு. வெளியுலகுக்கு அது ஆராய்ச்சி நிலையம். உள்ளுக்குள் இருந்த திட்டத்தின் பெயர் ஐஸ்வோர்ம்: பனிக்குள் சுரங்கங்களை நீட்டி 600 ஏவுகணைகளை மறைத்துவைப்பது. பனிதான் நகருமே, சுரங்கச் சுவர்கள் நெருங்கி வந்தன, கூரை தாழ்ந்தது. திட்டம் கைவிடப்பட்டு 1967இல் முகாமும் மூடப்பட்டது.

அதற்குள் அங்கிருந்த பொறியாளர்கள் ஒரு காரியத்தை முடித்திருந்தார்கள். 1966 ஜூலையில், ஏறக்குறைய 1,390 மீட்டர் பனியைத் துளைத்து அடியைத் தொட்டார்கள். அதோடு நிறுத்தாமல் உறைந்த மண்ணிலும் சுமார் மூன்றரை மீட்டர் இறங்கினார்கள். பனித்தூண் புகழ் பெற்றது. டென்மார்க்கின் வில்லி டான்ஸ்கார்டு அதிலுள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை) அளந்து பழைய வெப்பநிலையைக் கணித்தது இந்தத் துறைக்கே ஒரு தொடக்கம். மண்ணை யாரும் பெரிதாகச் சட்டை செய்யவில்லை. அதற்கு வயது சொல்லும் கருவியும் அன்று இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மண் ராணுவத்திடமிருந்து பஃபலோ பல்கலைக்கழகத்துக்குப் போனது. 1990களில் அங்கிருந்து கோபன்ஹேகனுக்கு. உறைவறையில் ஒரு மூலையில் கிடந்தது. 2017இல், உறைவறையை மாற்றுவதற்காகச் சரக்கைக் கணக்கெடுத்தபோது சில பெட்டிகளில் கண்ணாடி ஜாடிகள் இருந்தன. மேலே ஒட்டிய தாளில் கேம்ப் செஞ்சுரி, பனிக்கு அடியில் எடுத்தது என்று எழுதியிருந்தது.

2019இல் அதில் கொஞ்சம் வெர்மான்ட் பல்கலைக்கழகத்துக்கு வந்தது. மண்ணைக் கழுவிச் சலிக்கும்போது தண்ணீரில் கரும்புள்ளிகள் மிதந்தன. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், உடைந்த குச்சிகள், இலைகள், பாசி. உலர்த்திப் புத்தகத்துக்குள் வைத்த செடிபோல வடிவம் கெடாமல் இருந்தன. பனிவிரிப்பு மேலே ஊர்ந்தும் இது எப்படித் தப்பியது? அங்கே பனியின் அடிப்பகுதி வெப்பநிலை மைனஸ் 13 டிகிரி செல்சியஸ். அவ்வளவு குளிரில் பனி தரையோடு ஒட்டி உறைந்துவிடும், சறுக்காது, அரைக்காது. அடியில் ஈரம் இருக்கும் இடங்களில்தான் பனி வழுக்கிக்கொண்டு தரையைச் சுரண்டும். கேம்ப் செஞ்சுரியில் ராணுவம் இடம் தேர்ந்தது வேறு காரணத்துக்காக. மண் தப்பிய இடமாக அது அமைந்தது அதிர்ஷ்டம்தான்.

இரண்டு கடிகாரங்கள்

செடி இருந்தது சரி. எப்போது? இதற்கு மணல் துகளிலேயே ஓடும் இரண்டு கடிகாரங்கள் பயன்பட்டன. செய்திகளில் இந்தப் பகுதியைத்தான் ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். முடிவின் பாரம் முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

முதல் கடிகாரம்: ஒளிர்வு. மண்ணில் எங்கும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் சிறிதளவு இருக்கும். அவை விடும் கதிர்வீச்சு, அருகிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் போன்ற கனிமத் துகளின் எலக்ட்ரான்களைத் தட்டி எழுப்புகிறது. அவற்றில் சில, படிகத்திலுள்ள குறைபாடுகளில் மாட்டிக்கொள்கின்றன. ஆண்டுக்கு ஆண்டு இந்த எண்ணிக்கை கூடும், உண்டியலில் காசு விழுவதுபோல. துகளின்மேல் சூரிய ஒளி பட்டால் உண்டியல் காலி, எலக்ட்ரான்கள் விடுபட்டுவிடும். மறுபடி புதைந்தால் பூஜ்யத்திலிருந்து கணக்குத் தொடங்கும். ஆய்வகத்தில் இருட்டறையில் துகளை எடுத்து அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால், சேர்ந்திருந்ததெல்லாம் வெளிவந்து துகள் மினுங்கும். அந்த மினுக்கத்தின் அளவையும் மண்ணின் கதிர்வீச்சு வேகத்தையும் வைத்து, கடைசியாக வெயில் பட்டு எத்தனை ஆண்டு ஆயிற்று என்று கணக்கிடலாம். மண் கட்டியின் வெளிப்புறத்தில் விளக்கு வெளிச்சம் பட்டிருந்தால் கணக்குக் கெட்டுவிடும் என்பதால், உட்பகுதியை மட்டும் இருட்டில் வெட்டி எடுக்க வேண்டும். ஐம்பது ஆண்டு பலர் கைமாறிய மண்ணில் இதைச் செய்ய முடிந்ததே பெரிய விஷயம்.

இரண்டாவது கடிகாரம்: விண்கதிர். விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் தரையிலுள்ள குவார்ட்ஸ் துகளைத் தாக்கும்போது அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு அபூர்வமான அணுக்கள் உண்டாகின்றன. தரை திறந்து கிடந்தால்தான் இவை உண்டாகும். மேலே தடித்த பனி மூடிவிட்டால் உற்பத்தி நின்றுபோகும். இருப்பது மட்டும் சிதைந்துகொண்டே வரும். அலுமினியம் வேகமாகச் சிதையும், பாதியாக 7 லட்சம் ஆண்டு. பெரிலியத்துக்குப் பாதியாகச் சுமார் 14 லட்சம் ஆண்டு. உண்டாகும்போது ஒரு பெரிலியத்துக்கு ஏறக்குறைய ஏழு அலுமினியம் என்ற விகிதம். புதைந்தபின் இந்த ஏழு குறைந்துகொண்டே வருகிறது. விகிதம் எவ்வளவு காலம் புதைந்திருந்தது என்பதைச் சொல்லும். மொத்த எண்ணிக்கை எவ்வளவு காலம் திறந்து கிடந்தது என்பதைச் சொல்லும்.

முதல் கடிகாரம் "எப்போது" என்பதற்கும், இரண்டாவது "எவ்வளவு நாள்" என்பதற்கும் பதில் தருகிறது என்று பிடித்துக்கொண்டால் போதும்.

மண் சொன்னது, வரிசையாக

1. மூன்றரை மீட்டர் மண்ணின் அடியில் பனி கொட்டிய டில். மேலே சலித்துப் படிந்த மணல். சலித்திருந்தால் அது ஓடும் தண்ணீரின் வேலை. ஆக, பனி இருந்த இடத்தில் பிறகு ஓடை ஓடியிருக்கிறது.

2. மண்ணின் இடுக்குகளில் உறைந்திருந்த நீரின் ஐசோடோப்புகள், அந்த மழையோ பனியோ இன்றைய பனிவிரிப்பின் உயரத்தைவிடத் தாழ்ந்த தரையில் விழுந்ததாகக் காட்டுகின்றன. அந்த இடத்தில் அப்போது பனிமலை இல்லை.

3. செடி முளைத்திருக்கிறது. ஒன்றரை கி.மீ. பனிக்கு அடியில் செடி முளைக்காது.

4. மேல்மணல் கடைசியாக வெயில் பார்த்தது 4,16,000 ஆண்டுக்கு முன். 38,000 ஆண்டு முன்பின் இருக்கலாம்.

5. அது திறந்து கிடந்தது 16,000 ஆண்டுக்கும் குறைவு. பிறகு பனி திரும்பி மூடிக்கொண்டது.

2021இல் வந்த முதல் முடிவு "பத்து லட்சம் ஆண்டுக்குள் ஒருமுறையாவது" என்ற அளவில்தான் இருந்தது. ஆண்ட்ரூ கிறிஸ்ட், பால் பியர்மன், டாமி ரிட்டெனர் முதலானோர் 2023இல் ஒளிர்வுக் கடிகாரத்தைச் சேர்த்து அதைக் குறுக்கினார்கள். அந்தக் காலம், சுமார் 4,24,000 முதல் 3,74,000 ஆண்டுக்கு முன்வரை நீடித்த ஓர் இடைவெப்பக் காலத்தில் விழுகிறது. இரண்டு பனிக்காலங்களுக்கு நடுவே வரும் இதமான இடைவெளி அது. இன்று நாம் வாழ்வதும் அப்படிப்பட்ட ஒன்றில்தான்.

நடுவிலும் உருகியதா?

கேம்ப் செஞ்சுரி ஓரத்துக்குப் பக்கம். ஓரம் உருகினால் நடுப்பகுதியும் உருகியது என்று ஆகாது. நடுவில், பனிவிரிப்பின் உச்சியில், 1993இல் ஜிஸ்ப்-2 என்ற துளை 3 கி.மீ.க்கு மேல் இறங்கி அடிப்பாறையிலும் ஒன்றரை மீட்டர் எடுத்தது. 2016இல் யோர்க் ஷேஃபர் குழு அந்தப் பாறையில் விண்கதிர் அணுக்களை அளந்து, கடந்த 14 லட்சம் ஆண்டுகளில் மொத்தமாக 2 லட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகளாவது அங்கே பனி இல்லை என்றது. அந்த ஆய்வு வந்த நேச்சர் இதழிலேயே, பக்கத்துப் பக்கமாக, பியர்மன் குழுவின் கட்டுரை: கடலடி மண்ணை ஆராய்ந்ததில் கிழக்கு கிரீன்லாந்தில் 75 லட்சம் ஆண்டாகப் பனி நிலைத்திருந்ததாகத் தெரிகிறது என்று. படித்தவர்கள் குழம்பியதில் தப்பே இல்லை. ஆனால் கிழக்கிலுள்ள மலைமேடுகளில் பனி ஒண்டிக்கொண்டிருக்க, நடுப்பகுதி காலியாகியிருக்கலாம்; இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க இடமுண்டு.

2024இல் பியர்மனும் ஹேலி மாஸ்ட்ரோவும் ஜிஸ்ப்-2இன் அடிமண்ணைப் பிரித்துப் பார்த்தார்கள். பாப்பி விதை, வில்லோ மரத்துணுக்கு, ஒரு பூச்சியின் கண். முப்பது ஆண்டாக உறைவறையில் இருந்த மண்தான். யாரும் செடியைத் தேடிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். உச்சியிலேயே பனி இல்லை என்றால் கிரீன்லாந்துப் பனியில் பெரும்பகுதி அப்போது இல்லை என்றே பொருள். எப்போது என்ற கேள்விக்கு அங்கே இன்னும் கேம்ப் செஞ்சுரி அளவுக்குத் துல்லியமான பதில் கிடைக்கவில்லை.

"அப்போதே உருகியதே" என்ற வாதம்

இயற்கையாகவே உருகியது என்பது உண்மை. அதிலிருந்து கவலை வேண்டாம் என்று முடிவெடுப்பதுதான் கோணல். அன்று காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்கு 280 பங்கு அளவில் இருந்தது. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. அன்று வெப்பம் அளவில் மிகையில்லை. நீண்ட காலம் விடாமல் நீடித்தது, அவ்வளவே. அவ்வளவுக்கே வடமேற்குப் பனி போய்விட்டது. ஆக, பனிவிரிப்பு நாம் நினைத்ததைவிடச் சீக்கிரம் இளகும் பொருள் என்பதே இந்த மண்ணிலிருந்து வரும் தகவல். ஒரு வீட்டில் சின்னப் பொறியிலேயே தீப்பிடித்திருக்கிறது என்று தெரிந்தால், அந்த வீட்டில் பந்தம் கொளுத்தலாம் என்று அர்த்தமா?

"சென்னை மூழ்கப்போகிறது" என்ற மறுதரப்புக்கும் இதே மண்ணில் பதில் இருக்கிறது. அன்றைய உருக்கம் நடந்தது ஆயிரக்கணக்கான ஆண்டுகளில். கிரீன்லாந்துப் பனி முழுதும் உருகினால் உலகக் கடல்மட்டம் 7 மீட்டருக்கு மேல் உயரும் என்பது சரி. அது அடுத்த தலைமுறைக்குள் நடக்கும் என்று இந்த ஆய்வு எங்கும் சொல்லவில்லை. கேம்ப் செஞ்சுரி வெறும் தரையாக வேண்டுமென்றால் கிரீன்லாந்து குறைந்தது 1.4 மீட்டர் கடல்மட்டத்துக்குச் சமமான பனியை இழந்திருக்க வேண்டும் என்பதே 2023 கட்டுரையின் கணக்கு. 1.4 மீட்டர் என்பதே கடலோர ஊர்களுக்குச் சாதாரணம் இல்லை.

நம் கரைக்கு ஏன் கொஞ்சம் கூடுதல்

குளியல் தொட்டியில் தண்ணீர் விட்டால் எங்கும் ஒரே அளவு உயரும். கடல் அப்படி இல்லை. கிரீன்லாந்துப் பனியின் நிறை அவ்வளவு பெரிது என்பதால், தன் ஈர்ப்பால் சுற்றியுள்ள கடல்நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி குறைந்தால் அந்தப் பிடி தளரும். நீர் விலகிப் போகும். விளைவு விசித்திரம்: கிரீன்லாந்தின் பக்கத்தில் கடல்மட்டம் இறங்கும், தொலைவிலுள்ள வெப்பமண்டலக் கரைகளில் உலகச் சராசரியைவிடச் சற்றுக் கூடுதலாக ஏறும். சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம், கொழும்பு எல்லாம் இந்தத் தொலைதூரப் பட்டியலில்தான்.

வேகத்துக்கு ஓர் அளவு: 36,000 கோடி டன் பனி கடலில் சேர்ந்தால் உலகக் கடல்மட்டம் 1 மில்லிமீட்டர் உயரும். 2002 முதல் செயற்கைக்கோள் அளவீட்டின்படி கிரீன்லாந்து ஆண்டுக்குச் சராசரியாக ஏறக்குறைய 27,000 கோடி டன் இழக்கிறது. அதாவது ஆண்டுக்கு முக்கால் மில்லிமீட்டர் அளவில். இந்த வேகம் எப்போது, எந்தப் பக்கத்தில் கூடும் என்பதுதான் கணினி மாதிரிகள் தடுமாறும் இடம். மாதிரியைச் சோதிக்க, எந்தப் பகுதி முன்பு எப்போது காலியானது என்ற புள்ளிகள் வேண்டும். இப்போது கையிலிருப்பவை மிகக் குறைவு.

அதனால்தான் கிரீன்டிரில் என்ற திட்டத்தில், இம்முறை பனிக்காக அல்லாமல் அடியிலுள்ள மண்ணுக்காகவும் பாறைக்காகவுமே துளை போடுகிறார்கள். 2023இல் வடமேற்கிலுள்ள புரூடோ டோமில் 500 மீட்டர் பனியைத் துளைத்து மண்ணை எடுத்தார்கள். அதே ஒளிர்வுக் கடிகாரத்தை வைத்துப் பார்த்ததில், அந்த மண் கடைசியாக வெயில் கண்டது சுமார் 7,000 ஆண்டுக்கு முன்புதான். லட்சங்களில் எண்ணவே தேவையில்லை. மெசபடோமியாவில் உழவு நடந்துகொண்டிருந்த காலம் அது.